ஃபிளாஸ்க்கில் வந்த புளிப்பு

முதலில் வந்தது விக்கல்.

சித்திரை வெயில் பட்டாபிராம் முழுவதையும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்க வைத்திருந்த ஒரு முற்பகல். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஒரு விக்கல் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. தண்ணீர் குடித்தேன், சர்க்கரையை மென்றேன், மூச்சை அடக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை.

"யாரோ ஒன்ன நெனச்சிகினு கீறாங்க சாந்தி," என்றார் என் கணவர் தனசேகர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"இப்படி விடாம நெனைக்க எனக்கு யாரு இருக்கா?"

"நாந்தான் கீறேனே."

"எதுத்தாப்புல உக்காந்துகினு எதுக்கு நெனைக்கணும்? பேப்பரக் கீழ வெச்சிட்டு நேரா பாக்க வேண்டியதுதானே."

சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கள் கூடத்தை விட்டு இன்னும் போகவில்லை. மின்விசிறி சுற்றும்போது சில சமயம் அது மேலிருந்து கேட்கிறது. எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு போல.

விக்கல் அன்றும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. வாயில் ஆணியைச் சப்பியதுபோல ஒரு ருசி. சோற்றைக் கண்டால் குமட்டல். கால் கொலுசு சதையில் பதிந்து தடம் விட்டது. இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்ல நம் ஊரில் நாகரிகமான வார்த்தை குறைவு. ஒன்றுக்குப் போவது குறைந்துகொண்டே வந்தது. குளியலறைக்குள் போய்க் காத்திருப்பேன், வெறும் கையோடு திரும்புவேன். வெயில் காலம், வியர்வையில் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு கதவைத் தட்டும்போதெல்லாம் நான் வீட்டில் ஆள் இல்லாததுபோல இருந்துவிட்டேன்.

அந்த மரத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துப் பிறகு காட்டுவதற்கு இது கதை இல்லை. இதை நான் எழுதுவதே இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

எங்கள் பின்மதிலை ஒட்டி ஒரு பிலிம்பி மரம். பக்கத்து வீட்டில் முன்பு குடியிருந்த மலையாளக் குடும்பம் நட்டது. இரும்பன்புளி என்பார்கள் அவர்கள். விரல் நீளத்துக்குப் பச்சையாக, கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு, பல் கூசும் புளிப்போடு இருக்கும் காய். கிளை நுனியில் காய்க்காது. அடிமரத்திலிருந்தே, பட்டையைப் பிளந்துகொண்டு, கொத்துக் கொத்தாக வெடித்து வரும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு மரத்துக்கு ஏதோ வியாதி என்று தோன்றும். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. மரம் மட்டும் மதில் மேல் சாய்ந்து, எங்கள் பக்கம் காய்களைப் போட்டுக்கொண்டிருந்தது. மீன் குழம்புக்கு இரண்டு போடுவேன். ஊறுகாய் போடுவேன். அதுவரை ஒன்றுமில்லை.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எனக்குக் கொழுப்பு கூடியிருந்தது. என் கணவருடைய தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரமே ஒரு வீடியோ வந்தது. பிலிம்பிச் சாறு கொழுப்பைக் கரைக்கும், சிறுநீரகத்தைக் கழுவும், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும்.

என் கணவரிடம் நீங்கள் எதைச் சொன்னாலும் ஒருமுறை சந்தேகப்படுவார். ஆனால் கிட்னி என்ற ஒரு சொல்லின் முன்னால் மட்டும் அவர் சிறுபிள்ளை. அவருடைய அப்பா சிறுநீரகம் பழுதாகி, ஊதிப்போய், ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இறந்தவர். பள்ளிக்கூடப் பையனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் மறுநாள் விடியலிலேயே ஏணி போட்டு ஏறினார். காய் பறித்து, கழுவி, மிக்ஸியில் அடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குக் குடல்புண். புளிப்பு ஆகாது.

"எனக்கும் சேத்து நீயே குடி," என்பார்.

பங்குனியிலும் குடித்தேன், சித்திரையிலும் குடித்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில், அவர் பார்த்துக்கொண்டிருக்க. காலி டம்ளரை வாங்கும்போது அவர் முகத்தில் வரும் நிம்மதிக்காகவே குடித்தேன் என்றும் சொல்லலாம்.

மகள் கயல்விழி அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னம்மா இது, மூஞ்சி பன்னு மாதிரி ஊதிக் கெடக்கு? கெளம்பு." பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விக்கல்.

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள். என்னால் கொடுக்க முடிந்தது கண்ணீர் அளவுதான். காத்திருப்புக் கூடத்தில் எல்லோர் கையிலும் ஒரு கோப்பு. கோப்பின் கனத்தை வைத்தே யார் பழைய நோயாளி என்று சொல்லிவிடலாம். என் கோப்பில் ஒரே ஒரு தாள் இருந்தது. அது மெல்லியதாகவே இருந்துவிட வேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டேன்.

சிறுநீரக மருத்துவர் என் மகளைவிடச் சற்றே மூத்தவர். திருநெல்வேலிப் பக்கம் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"கிரியேட்டினின் ரொம்பக் கூடியிருக்கும்மா. பயப்படாதீய. என்னன்னு சொல்லுதேன்."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நம் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன. அப்போது உதிரும் கழிவு ஒன்றுக்குக் கிரியேட்டினின் என்று பெயர். நல்ல சிறுநீரகம் அதை அன்றாடம் வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாமல் போனால் இரத்தத்தில் தேங்கும். ஒன்றையொட்டி இருக்க வேண்டிய அளவு எனக்கு எட்டைத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் இப்படிச் சில நாட்களில் திடீரென்று படுத்துவிடுவது ஒரு வகை. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்வது இன்னொரு வகை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "சைஸ் நல்லாருக்கு, சுருங்கல. அப்போ இது புதுசுதான்," என்றார். "புதுசுன்னா திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு உண்டு. ஏன் நின்னுச்சுன்னு சீக்கிரம் கண்டுபிடிக்கணும். லேட்டாச்சுன்னா புதுசு பழசாயிரும்."

புதுசு பழசாயிரும். பாத்திரத்தைப் பற்றியோ சேலையைப் பற்றியோ சொல்லியிருந்தால் யாருக்கு அந்தச் சொல் உறைக்கும்? அன்றைக்கு அது என் விலா எலும்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

"செம்பரம்பாக்கம் ஏரி தெரியும்லா?" என்று கேட்டார் மருத்துவர். "அங்கேருந்து ஊருக்குத் தண்ணி வரலன்னா எங்கல்லாம் பாப்போம்? ஏரியே வத்திக் கெடக்கான்னு பாப்போம். ஏரி நெறஞ்சிருந்தா, சுத்தம் பண்ணுத எடத்துல கோளாறான்னு பாப்போம். அதுவும் சரின்னா, தெருக்கொழாய்ல அடைப்பு. இதுக்கும் அதே மாதிரி மூணு எடம்."

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால் ஏரி வற்றியதுபோல. கடும் வாந்திபேதி, இரத்தப்போக்கு, வெயிலில் நீர் வற்றுவது எல்லாம் இதில் சேரும். கல்லோ கட்டியோ வழியை அடைத்தால் தெருக்குழாய் அடைப்பு. இரண்டுக்கும் நடுவில், சிறுநீரகமே அடி வாங்குவது. வலி மாத்திரை, விஷக்கடி, எலிக் காய்ச்சல், இன்னும் எத்தனையோ. அடைப்பு இல்லை என்றது ஸ்கேன். ஊசி வழியாக நீர் ஏற்றியும் சிறுநீர் வரவில்லை. எலிக் காய்ச்சல் சோதனை இல்லை என்றது. மிச்சம் இருந்தது அந்த நடு இடம்.

"வலி மாத்திரை ஏதும் போட்டீயளா? நாட்டு மருந்து? லேகியம், கசாயம், பஸ்பம்?"

"இல்லைங்க டாக்டர்."

என் கணவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "மாத்திரையே போடமாட்டா டாக்டர். தலைவலின்னா தைலந்தான்."

நாங்கள் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவுமில்லை. மருந்து என்றால் கடையில் வாங்குவது, வைத்தியர் கொடுப்பது. மதில் மேல் காய்த்து, மீன் குழம்பில் கொதிப்பது எப்படி மருந்தாகும்? அவர் கேட்ட கேள்விக்குள் எங்கள் மரம் இல்லை. எங்கள் பதிலுக்குள்ளும் அது வரவில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் நிழலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

மருத்துவர் போன பிறகு என் கணவரைக் காணவில்லை. ஸ்ட்ரெச்சர் ஏற்றும் சாய்தளத்தின் ஓரத்தில், செருப்பைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று கயல் பிறகு சொன்னாள். "என்னப்பா" என்று கேட்டதற்கு, "எங்கப்பாவுக்கும் இதான்," என்று மட்டும் சொன்னாராம்.

கழுத்தில் குழாய் போட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் அந்த அழுத்தம் தெரிந்தது, யாரோ கழுத்துக்குள் சாவி போட்டுத் திருகுவதுபோல. டயாலிசிஸ் என்பது இதுதான்: உடம்பின் இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, இயந்திரத்தில் வடிகட்டி, மறு குழாயில் திருப்பி அனுப்புவார்கள். அது நோயைக் குணமாக்குவதில்லை. படுத்துக்கிடக்கும் சிறுநீரகம் எழும்வரை அதன் வேலையைத் தான் இழுத்துப் பார்க்கிறது. என் இரத்தம் எனக்கு வெளியே கண்ணாடிபோலத் தெரியும் ஒரு குழாயில் கறுஞ்சிவப்பாகச் சுற்றி வருவதை நான் பார்த்தேன். என்னை விட்டுப் போகிற என்னைப் பார்த்தேன். திரும்பி வருகிறவள் அவளேதானா என்று எப்படித் தெரியும்?

"இன்னாம்மா, புச்சா வந்துகீற? பயப்படாத, மெஷினு கடிக்காது."

பக்கத்துப் படுக்கையிலிருந்து காதர் பாய். பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டியவர். சர்க்கரையால் சிறுநீரகம் மெல்ல மெல்லப் போய், வருடக்கணக்கில் வாரத்துக்கு மூன்று முறை இந்தப் படுக்கைக்கு வருகிறவர்.

"எனக்கு இது ஆபீஸு. டூட்டிக்கு வந்துகினு கீறேன். உனக்கு லாட்ஜி. ரெண்டு நாளு தங்கிட்டு ரூமக் காலி பண்ணிகினு போய்கினே இரு. இன்னா அண்ணாத்தே, நான் சொல்றது கரெக்ட்தானே?"

என் கணவர் சிரிக்க முயன்றார். "உங்க வாய் முகூர்த்தம் பாய்."

"வாய்தான் என்கிட்ட ஒழுங்கா வேலை செய்யிது."

சில தடவை இயந்திரத்தில் படுத்த பிறகு ஒரு நாள் காலை, கொஞ்சம் போனேன். ஒரு குவளையின் அடி மறையும் அளவுதான். நர்ஸ் அதை அளவு ஜாடியில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கயல் கைதட்டினாள். ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி ஒன்றுக்குப் போனதற்காக ஓர் அறையே சிரித்தது. "கிட்னி முழிக்குது," என்றார் மருத்துவர். "மெஷின நிறுத்திப் பாப்போம். தண்ணி மட்டும் அளவாக் குடிங்க."

அன்று மாலைப் பார்வை நேரத்தில் என் கணவர் வந்தார். கையில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் அவர் தொழிற்சாலைக்கு டீ கொண்டுபோன பழைய நீல ஃபிளாஸ்க்.

"இத்தினி நாளு குடுக்காம உட்டேன் பாரு, அதான் தப்பு. உள்ள தூசியெல்லாம் தங்கிப்போச்சி. கழுவுனாத்தான் தெறக்கும்."

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பச்சையாக, கூர்மையாக, எங்கள் பின்கட்டின் வாசனை. மருத்துவமனையின் மருந்து நெடிக்குள் அது நுழைந்தபோது எனக்குக் கண் கலங்கியது. வீடே வந்துவிட்டதுபோல இருந்தது.

"தண்ணி அளவுன்னு சொல்லியிருக்காங்களேங்க."

"தெரியும். அதான் இந்த டம்ளரக் கழிச்சிகினு மிச்சந்தான் தண்ணி குடிக்கப்போற. நான் கணக்கு பாத்துட்டேன்."

அவ்வளவு கவனமான மனிதர். ஒரு சொட்டு அதிகம் போய்விடக் கூடாது என்று எனக்குக் கொடுத்த தண்ணீரில் கழித்துக் கழித்துக் கொடுத்தார். நான் குடித்தேன். மறுநாளும் குடித்தேன். அதற்கு அடுத்த நாளும். பட்டாபிராமிலிருந்து பேருந்து மாறி மாறி, மடியில் ஃபிளாஸ்க்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுவந்தார்.

விக்கல் திரும்பி வந்தது.

ஜாடியில் சிறுநீரின் மட்டம் இறங்கியது. பிறகு ஜாடி காய்ந்தது. கிரியேட்டினின் மறுபடி ஏறியது. மருத்துவர் படுக்கையின் கால்மாட்டில் நின்று கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். "எறங்கி வந்தது எதுக்குத் திரும்ப ஏறணும்?" என்று தனக்குத்தானே கேட்டார். அவர் முகத்தில் முதல்முறையாக எனக்குப் பயம் தெரிந்தது. அது என் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இன்னாம்மா, லாட்ஜில ரூம எக்ஸ்டெண்டு பண்ட்டியா?" என்றார் காதர் பாய், என்னை மறுபடி இயந்திரத்தில் மாட்டியபோது. யாரும் சிரிக்கவில்லை. அவரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

இனி பயாப்ஸிதான் என்றார் மருத்துவர். குப்புறப் படுக்க வைத்து, முதுகுப் பக்கம் ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுப்பார்கள். மூச்சை இழு, பிடி, விடாதே என்றார்கள். பிடித்தேன். ஸ்டேப்ளரை அழுத்திய சத்தம்போல ஒரு டிக். அவ்வளவுதான். அதன் பிறகு அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். கயல் கால்மாட்டில் உட்கார்ந்து என் குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். சிறு வயதில் அவளுக்கு நான் வெட்டிவிட்டது போலவே என் கால் நகங்களை வெட்டினாள். கட்டணம் கட்டும் ஜன்னலுக்கும் என் படுக்கைக்கும் அவள் எத்தனை முறை நடந்தாள் என்பதை அவளுடைய நடையின் சத்தத்திலேயே தெரிந்துகொள்வேன். வரவர அது மெதுவாகியது. எவ்வளவு ஆனது என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

அந்த மதியத் தூக்கத்தில் ஒரு கனவு. நான் எங்கள் பின்மதிலில் சாய்ந்து நிற்கிறேன். என் இடுப்பிலிருந்து, விலாவிலிருந்து, தோலைப் பிளந்துகொண்டு பச்சைப் பச்சையாகக் காய்கள் வெளிவருகின்றன. வலியே இல்லை. என் கணவர் ஏணியைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொன்றாக, நோகாமல் பறிக்கிறார்.

பயாப்ஸி முடிவு வந்த அன்று மருத்துவர் தன் செல்போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில், தனி வகை வெளிச்சத்தில் எடுத்தது. கறுப்புப் பின்னணி. அதில் உடைந்த கண்ணாடி வளையல்களை இறைத்ததுபோல வெள்ளை, நீலம், மஞ்சள் என்று மினுங்கும் சில்லுகள்.

"இது உங்க கிட்னிக்குள்ள இருக்கும்மா. ஆக்சலேட் படிகம். ஆக்சலேட் நம்ம சாப்பாட்டுல கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கீரையில இருக்கு, சில காய்கள்ல இருக்கு. ஒரேயடியா அளவுக்கு மீறிப் போச்சுன்னா, சிறுநீர் ஓடுத நுண்குழாய்ல இப்படிப் படிகமா ஒறஞ்சு அடச்சிரும், குழாயையும் கிழிச்சிரும்." செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். "நான் மருந்தப் பத்தித்தான் கேட்டேன். இப்போ வேற மாதிரி கேக்கேன். ஏதாவது காய், பழம், ஜூஸு? புளிப்பா? தொடர்ந்து?"

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஆனால் பக்கத்தில் மஞ்சள் துணிப்பை சரசரப்பது கேட்டது. என் கணவர் நீல ஃபிளாஸ்க்கை எடுத்தார். அன்றைக்குக் கொண்டுவந்தது, இன்னும் திறக்காதது. மருத்துவரின் முன்னால், மருந்துத் தட்டு வைக்கும் மேசையில் வைத்தார்.

"இதுவா பாருங்க."

மருத்துவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பிலிம்பியா?"

"ஆமா."

"இங்க வந்த பெறவுமா?"

"டெய்லி."

எனக்கு அப்போது வந்தது கோபமா, அழுகையா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் கைகளைப் பார்த்தேன். காய் பறித்த கீறல்கள். கயல்தான் வெடித்தாள். "எத்தனை தடவப்பா சொல்லியிருக்கேன், ஃபார்வர்டு வீடியோ பாத்து ஒண்ணும் பண்ணாதீங்கன்னு! அம்மாவ நீங்களே..."

"கயல். போதும்," என்றேன். பாதியில் நின்ற அந்த வாக்கியம் எங்கும் போகவில்லை. அறையின் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது. எங்களோடு வீட்டுக்கும் வந்தது.

என் கணவர் அந்த வாக்கியத்தையும் கேட்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திடீரென்று ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பி ஓடினார். செருப்பில்லாமல் தாழ்வாரம் முழுக்க ஓடி, டயாலிசிஸ் அறைக்குள் நுழைந்து காதர் பாயின் படுக்கையைப் பிடித்துக்கொண்டாராம். முந்தின முறை, பாவம் இவருக்கும் ஆகட்டும் என்று ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

"பாய், நான் குடுத்தத குடிச்சீங்களா? சொல்லுங்க பாய், குடிச்சீங்களா?"

"எது, அந்த ஆசிட்டா?" என்றிருக்கிறார் பாய். "ஒரு நக்கு நக்குனேன், பல்லு கழண்டுக்கும் போல கீது. நீ அந்தாண்ட போனதும் வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். கோச்சிக்காத அண்ணாத்தே."

என் கணவர் அந்தப் படுக்கையின் இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எங்கள் திருமணத்துக்குப் பிறகு அவர் அழுதது அதுதான் முதல்முறை. அதையும் நான் பார்க்கவில்லை. பாய்தான் பிறகு சொன்னார், வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல்: "பொம்பளப் புள்ள மாதிரி அயுதாரும்மா. ஒண்ணும் கேக்காத அவர."

மறுநாள் மருத்துவர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நின்றபடி பேசுகிறவர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்தப் படிகத்தைக் கரைக்கும் மருந்து கையில் இல்லை, காரணத்தை நிறுத்திவிட்டு இயந்திரத்தோடு காத்திருப்பதுதான் வைத்தியம் என்றார். கிரியேட்டினின் எப்போதும் தாமதமாகச் சேதி கொண்டுவரும் ஆள், பெரும் சேதம் நடந்த பிறகுதான் வந்து சொல்லும். அதற்கும் முன்னாலேயே சிறுநீரில் தெரியும் அடையாளங்களை ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பிறகு தயங்கினார்.

"இத ஒரு கேஸ் ரிப்போர்ட்டா எழுதலாம்னு பாக்கேன். பேரு, ஊரு எதுவும் வராது. மத்த டாக்டருங்க பாத்தா, மருந்து மட்டும் கேக்காம காயையும் கேப்பாவ. நான் கேக்க விட்டுட்டேன்லா."

நான் சரி என்று சொல்வதற்குள் என் கணவர் கேட்டார். "அதுல யாரு குடுத்தாங்கன்னு எழுதுவீங்களா?"

"அது தேவையில்ல சார். எவ்வளவு, எத்தன நாளு, வெறும் வயித்துலயா, தண்ணி கலந்தா கலக்காமயா. அவ்வளவுதான்."

என் கணவர் எழுந்து நின்றார். முப்பது வருடங்கள் ஆவடியில் கனரக எஞ்சின்களுக்குப் பாகம் பொருத்திய ஃபிட்டர் அவர். அங்கே ஒரு பாகம் உடைந்தால், பொருத்தியவன் நின்றுகொண்டு விவரம் சொல்ல வேண்டும். அதே நிலையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எத்தனை கைப்பிடி காய், எந்த டம்ளர், எந்த மாதம் தொடங்கியது, இங்கே வந்த பிறகு எந்தெந்த நாள். குரல் எங்கும் உடையவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்:

"எழுதுங்க டாக்டர். குடுத்தது புருஷன்னே எழுதுங்க. அப்பதான் இன்னொரு புருஷன் படிச்சான்னா நிப்பான்."

மருத்துவர் தலையைக் குனிந்து பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இருந்தது காத்திருப்பு மட்டும். இயந்திரம், படுக்கை, வெற்று ஜாடி. ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் திருமழிசைக்குப் போகும் பேருந்துகள் நெரிசலில் ஊர்ந்தன. உள்ளே, அந்த மினுங்கும் சில்லுகளை நினைத்துக்கொண்டு கிடப்பேன். இத்தனை அழகாகவா ஒரு பெண்ணை அழிக்க வேண்டும்? என் கணவர் தினமும் வந்தார், வெறுங்கையோடு. எதையும் கொண்டுவரப் பயந்தார். நர்ஸ் கொடுத்த தண்ணீரை எடுத்துக் கொடுக்கக்கூட அவர் கை நீளவில்லை. "கயல் வரட்டும்," என்பார். எனக்குத் தாகமாக இருக்கும். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு டம்ளர் நின்றுகொண்டிருக்கும்.

வைகாசி முடியும் தறுவாயில் ஒரு நாள், குளியலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்ப்பை விட்டுவிட்ட ஓர் உட்காரல். சத்தம் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல். கதவுக்கு வெளியே ஒரு மூச்சு உள்ளிழுக்கப்பட்டு அப்படியே நின்றது.

"சாந்தி?"

"ம்."

"அது... அதானா?"

"அதேதாங்க. இன்னா, டிக்கெட் வாங்கிகினு நிக்கிறீங்களா வெளிய?"

சுவரில் உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

கழுத்துக் குழாயை எடுத்தார்கள். காதர் பாய், "ரூமக் காலி பண்ட்டியா? சாவிய கவுண்டர்ல குடுத்துட்டுப் போ. திரும்பி வந்தன்னா நானே தொரத்துவேன்," என்றார். அவர் மெதுவாகக் கையை உயர்த்தியபோது, என் கோப்பு அவருடையதைவிட மெல்லியதாக இருந்ததற்காக வெட்கப்பட்டேன். என் சிறுநீரகம் முழுதாக இன்னும் திரும்பவில்லை. கிரியேட்டினின் ஒன்றுக்கு மேலேயே ஓரிடத்தில் நின்றுவிட்டது. அது அங்கேயே நிற்குமா, ஏறுமா என்று பார்க்கப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மருத்துவர் மருந்து என்று கேட்டால், சாற்றையும் சொல்லுங்கள். சமையல்கட்டிலிருந்து வந்தாலும் சொல்லுங்கள். அன்பாகக் கொடுத்தது என்றாலும் சொல்லுங்கள்.

மரம் அங்கேயே நிற்கிறது. அது எங்களுடையதில்லை, வெட்ட முடியாது. அதன் மேல் எனக்குப் பகையும் இல்லை. மதிய வேளைகளில், தெரு அடங்கியிருக்கும்போது, எங்கள் பக்கம் ஒரு காய் விழும். தொப். கூடத்தில் இருக்கும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டோம். சற்று நேரம் கழித்து அவர் எழுந்துபோய்ப் பொறுக்கிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு விக்கல் வந்தது. வெறும் பொரியல் தொண்டையில் மாட்டியதுதான். ஆனால் அவர் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. யார் நினைக்கிறார்கள் என்று இந்த வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை. எழுந்து ஓடினார். சமையலறையில் குடத்திலிருந்து மொள்ளும் சத்தம். டம்ளரோடு வந்து என் முன்னால் நின்றார்.

இந்த மனிதர் எச்சில் பார்ப்பவர். திருமணமான நாளிலிருந்து டம்ளரை உதட்டில் வைத்து அவர் குடித்து நான் பார்த்ததில்லை, எப்போதும் அண்ணாந்துதான். அன்று டம்ளரை உதட்டோடு வைத்து ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று கேட்பவர்போலச் சற்று நேரம் நின்றார். எனக்கு அதற்குள் இன்னொரு விக்கல்.

பிறகு நீட்டினார்.

"வெறுந்தண்ணிதான்," என்றார்.

அவர் உதடு பட்ட இடத்திலேயே வைத்துக் குடித்தேன்.